ஒரு குட்டை, மூன்று மீன்!

சென்னிமலை என்றால் முருகன் நினைவுக்கு வருவார். கைத்தறிப் போர்வை நினைவுக்கு வரும். மீன் நினைவுக்கு வராது. கடல் எங்கோ இருக்கிறது. கீழ்பவானி வாய்க்காலிலும் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடுவதில்லை.

ஆனாலும், இந்த வட்டார உழவர்கள் மீனைப் பற்றி எண்ணிப் பார்க்க வேண்டும். பண்ணைக் குட்டையில் தண்ணீர் நிற்கிறது. பயிருக்குப் போகும் வரை அது சும்மா கிடப்பானேன்? அதே தண்ணீரில் மீனும் வளருமே!

சண்டை இல்லாத வீடு

ஒரே இன மீனை மட்டும் விட்டால், எல்லாம் ஒரே தீனிக்கு அடித்துக்கொள்ளும். மற்றத் தீனி வீணாகும். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் சேர்த்து விட்டால் போட்டி குறையும். கட்லா மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுவில் மேயும். மிர்கால் அடியில் மக்கிக் கிடப்பதைத் தின்னும்.

கூடவே சில புல் கெண்டைகளையும் விடலாம். வரப்புப் புல்லே அவற்றுக்குத் தீனி. அவற்றின் கழிவு குட்டைக்கு எரு. அந்த எருவில் பெருகும் நுண்ணுயிர்கள் மற்ற மீன்களுக்கு உணவு. தீனிச் செலவு எவ்வளவு மிச்சம்!

ஊசி செய்த புதுமை

இந்தக் கெண்டைகள் குளத்தில் முட்டையிடுவதில்லை. முன்பு குஞ்சுகளை ஆற்றில்தான் பிடிக்க வேண்டும். 1957 ஜூலை 10-ந் தேதி, ஒடிசாவில் விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி ஊசி மூலம் கெண்டைகளை முட்டையிட வைத்தார். அந்த நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினம்.

1971-ல் கூட்டு மீன் வளர்ப்புக்கு அகில இந்திய ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. அதற்கு நம் பவானிசாகரிலும் ஒரு நிலையம் இருந்தது.

கணக்கு இதுதான்

கால் ஏக்கர் குட்டைக்கு 500 குஞ்சுகள் போதும். கட்லா 200, ரோகு 150, மிர்கால் 150. பேராசைப்பட்டு அதிகம் விட்டால் எதுவும் வளராது. விரால் இருந்தால் முதலில் பிடித்துவிட வேண்டும். இல்லையேல் அது குஞ்சுகளை விழுங்கிவிடும். சாணத்தையும் அளவாகவே இட வேண்டும். மிஞ்சினால் நீரில் பிராணவாயு குறையும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கும். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி பக்கமே போகக் கூடாது.

மீன் வளர்ந்த தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சினால், பயிருக்கும் சத்து.

தண்ணீர் கெட்டால்?

நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சென்னிமலைக்கு அருகில்தான் இருக்கிறது. பாசனத்துக்காகக் கட்டிய அந்த அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியது. உழவர்கள் பட்ட பாடு ஊரறியும்.

குட்டை வெட்டவும் குஞ்சு கொடுக்கவும் அரசு உதவினால் மட்டும் போதாது. ஆற்றில் கழிவு கலக்காமலும் காக்க வேண்டும். தண்ணீர் கெட்ட இடத்தில் மூன்று மீன் அல்ல, ஒரு மீனும் வாழாது!