தாயை ஏசாதீர்!



பள்ளிவாசல் ஸஃபில் ஓடித் திரியும் சிறுவனை விரட்டுகிறோம். "வளர்ப்பு சரியில்லை" எனத் தாயை ஏசுகிறோம். வாப்பா துபாயில், அவளோ தாயத்து, ஓதிப்பார்த்தல் எனத் தனியே அலைகிறாள்.

இது ஏ.டி.எச்.டி. எனும் மூளை வளர்ச்சி சார்ந்த குறைபாடு. பரம்பரைக்கு இதில் பெரும்பங்கு உண்டு. ஷைத்தானின் வேலையல்ல, தாயின் குற்றமுமல்ல!

பேரப்பிள்ளை முதுகில் ஏறியபோது அண்ணலார் (ஸல்) ஸஜ்தாவை நீட்டினார்கள். நாமோ முறைக்கிறோம்!

2013-ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய சிறார் நலத்திட்டத்தில் இக்குறைபாடும் உண்டு. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு 18 வயது வரை பரிசோதனை இலவசம். நம் வரிப்பணம்தானே, கேட்டு வாங்குங்கள்!

வணிகச் சகோதரா, கடை சாத்தியபின் ஒரு மணி நேரம் மாமாவோ சாச்சாவோ பிள்ளையை ஏற்கட்டும். தாய் சற்றே தலைசாய்க்கட்டும். ஜும்ஆவுக்கும் அழைத்து வாருங்கள். முத்தவல்லிகளே, அவனுக்கு இடம் விடுங்கள்.