கெட்டி ஸ்பிரிங் என்னும் பொய்

சென்ற இதழில் வந்த ஹெரால்டு கட்டுரையைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் காராக மாற்ற நினைக்கும் இளைஞர்களுக்கு அதை எழுதியவர் சொல்லும் வழி இது: பின்பக்கம் இரண்டு பட்டை கூடுதலாகச் சேர், முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை கேஸ் கட்டரால் அறுத்து எடு, கிடைப்பதிலேயே கடினமான ஷாக் அப்சார்பரையும் அகலமான டயரையும் மாட்டு, வண்டி ரோட்டில் ஒட்டிக்கொள்ளும். இந்த நான்கும் தப்பு. முதலாவது உயிரை எடுக்கும் தப்பு.

மங்கலம்பேட்டையில் இருபது வருடத்துக்கும் மேலாக ஒரு ஹெரால்டை வைத்து ஓட்டுகிறவன் நான். பின்சக்கரம் எப்படி மாட்டப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தவர்கூட அந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டார். அம்பாசிடரிலும் பத்மினியிலும் இருப்பதுபோல இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை ஆக்சில் ஹெரால்டில் கிடையாது. டிஃபரன்ஷியல் சேஸிஸோடு சேர்த்து போல்ட் போடப்பட்டிருக்கும். அதன் இரு பக்கமும் இரண்டு அரை ஆக்சில்கள் கதவுக் கீல்போல மேலும் கீழும் ஆடும். மேலே குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். சக்கரம் அந்த அரை ஆக்சிலின் முனையில் விறைப்பாக நிற்பதால், ஆக்சில் இறங்கினால் சக்கரத்தின் அடிப்பாகம் உள்ளே மடங்கும். ஏறினால் அடிப்பாகம் வெளியே விரியும். ஊஞ்சல் ஆக்சில் என்பது இதுதான். 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு வந்தபோதும், 1961இல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் அதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் விற்கத் தொடங்கியபோதும் இதே அமைப்புதான். இந்தச் சேஸிஸைச் சுருக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரையே செய்தார்கள். ஆகவே ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் காராக்கும் ஆசையில் எந்தக் குற்றமும் இல்லை. குற்றம் வழியில் இருக்கிறது.

வேகமாக ஒரு வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கப் பின்சக்கரத்தை ரோடு உள்நோக்கித் தள்ளுகிறது. ஆக்சில் நடுவில் கீல்போல ஆடுவதால், அந்தத் தள்ளல் சரிவாக ஊன்றிய முட்டுக்கட்டைபோல வண்டியின் பின்பக்கத்தைத் தூக்குகிறது. வண்டி தூக்கியதும் சக்கரம் இன்னும் உள்ளே மடங்குகிறது. மடங்க மடங்க டயரின் ஓரம் மட்டுமே ரோட்டில் படுகிறது. அந்த நேரம் பார்த்து ஓட்டுபவர் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எடை முன்னால் பாய்ந்து பின்பக்கம் மேலும் எழும். பிடிமானம் ஒரே நொடியில் போய்விடும். முன்னறிவிப்பு எதுவும் இருக்காது.

இப்போது கட்டுரையாளரின் கூடுதல் பட்டைகளுக்கு வருவோம். இரண்டு பட்டை சேர்த்தால் பின்பக்கம் உயரும். தனியாக ஓட்டிப்போகும்போதே சக்கரங்களின் அடிப்பாகம் உள்ளே மடங்கித்தான் நிற்கும். எந்த நிலை ஆபத்தோ, அந்த நிலையிலிருந்தே வண்டி வளைவுக்குள் நுழைகிறது. அதோடு, கெட்டியான குறுக்குப் பட்டை வண்டி சாய்வதைத் தடுக்கும் வேலையைப் பின்சக்கரங்களின் தலையில் கட்டுகிறது. வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் சுமை கூடுகிறது. வழுக்கல் முன்னதாகவே வருகிறது. ஆறு பேரை ஏற்றிக் கல்யாணத்துக்குப் போனபோது பின்பக்கம் தொங்கியது என்று அந்தக் காலத்து மெக்கானிக்குகள் ஒரு பட்டை சேர்த்தார்கள். பாரத்துக்காகச் செய்த வைத்தியம் அது. அதை வேகத்துக்கான வைத்தியம் என்று அச்சில் எழுதுவது அறியாமை. அறியாமையை அதிகாரமாகச் சொல்வது அதைவிடக் கேடு.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. வண்டி வாங்கிய புதிதில் ஒரு பட்டறையில் இதே யோசனையைச் சொல்லி, இதேபோல ஒரு பட்டையைச் சேர்த்தும் கொடுத்தார்கள். பிறகு ஒரு மாலை உளுந்தூர்பேட்டையிலிருந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவின் நடுவில் கரும்பு ஏற்றிய டிராக்டர், பின்னால் விளக்கு இல்லாமல். காலை எடுத்தேன். பின்பக்கம் எழும்பியது மட்டும்தான் தெரியும். அடுத்து வண்டி எதிர்த்திசையைப் பார்த்தபடி மணிலாக் கொல்லையில் நின்றது. பக்கத்து இருக்கையில் என் தங்கை மகன் இருந்தான். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. எதிரே பேருந்து வராததால் நாங்கள் இருவரும் இருக்கிறோம். அந்தப் பட்டையை மறுநாளே கழற்றினேன். ஆகவேதான் அந்தக் கட்டுரையை என்னால் ஒரு கருத்து வேறுபாடாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்தக் குறையை உண்மையில் சரிசெய்தவர்கள் என்ன செய்தார்கள்? கட்டுரையாளர் சொல்வதற்கு நேர் எதிரானதை. 1970இல் வந்த நான்காம் மார்க் ஸ்பிட்ஃபயரில் டிரையம்ஃப் பொறியாளர்கள் அதே குறுக்குப் பட்டையை வைத்துக்கொண்டு, பெரும்பாலான பட்டைகள் நடுவில் துலாக்கோல்போல ஆடும்படி மாட்டினார்கள். பாரத்தைத் தாங்கும்போது ஸ்பிரிங் பழைய பலத்தோடு இருக்கும். வண்டி சாயும்போது மட்டும் பின்பக்கம் இளகிக் கொடுக்கும். சாய்வைத் தடுக்கும் வேலையை முன்பக்கத்துக்கு மாற்றி, அங்கே ஆன்டி ரோல் பாரைத் தடிமனாக்கினார்கள். பின்பக்கத்தை இளக்கி முன்பக்கத்தை இறுக்கினார்கள் என்பதுதான் சாரம். அமெரிக்காவின் ஷெவர்லே கார்வேர் காருக்கும் ஊஞ்சல் ஆக்சில்தான். கார்களின் ஆபத்துகளைப் பற்றி 1965இல் ரால்ஃப் நேடர் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தின் முதல் அத்தியாயமே அந்தக் காரைப் பற்றியது. 1964 மாடலில் அதற்கு ஒரு குறுக்குப் பட்டையைக் கூடுதலாகக் கொடுத்தார்களே என்று கட்டுரையாளர் கேட்கலாம். கொடுத்தார்கள், சக்கரம் உள்ளே மடங்குவதைத் தடுக்க. அதோடு சுருள் ஸ்பிரிங்கை இளக்கினார்கள். 1965இல் அந்த ஆக்சில் அமைப்பையே தூக்கி எறிந்தார்கள்.

ஸ்டாண்டர்டு நிறுவனமே பிறகு கெஸல் காரில் ஊஞ்சல் ஆக்சிலைக் கைவிட்டு ஒற்றை ஆக்சில் போட்டதே, அதனால் ஹெரால்டிலும் சேஸிஸை வெட்டி ஜீப் ஆக்சிலை வெல்டிங் வைக்கலாம் என்கிறது கட்டுரை. கெஸலில் நடந்தது தொழிற்சாலையில் பின்பக்கத்தையே புதிதாக வடிவமைத்து நடந்த மாற்றம். ஜீப் ஆக்சில் ஹெரால்டின் எடைக்குப் பொருந்தாத கனம். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடினால் ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் துள்ளும். சட்டம் வேறு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து விலகி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. 50 வருடம் கடந்த வண்டிகளுக்கு 2021 ஜூலையில் வந்த பழங்கால வாகனப் பதிவு விதியும் சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் இடம் தருகிறது. 1960களின் ஹெரால்டு எல்லாம் அந்தத் தகுதியை எட்டிவிட்ட நேரத்தில் சேஸிஸை வெட்டச் சொல்வது யாருக்கு நன்மை?

முன் ஸ்பிரிங்கை அறுப்பதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. வேலை செய்யும் சுற்று எட்டு இருக்கும் ஸ்பிரிங்கில் இரண்டை எடுத்தால் அதன் கடினம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கேஸ் வெட்டு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும். அறுத்த முனை இருக்கையில் சமமாக உட்காராது. குட்டையான ஸ்பிரிங் வேண்டுமென்றால் குட்டையாகவே செய்ததை ஜோடியாக வாங்க வேண்டும்.

அகலமான டயரோ இன்னும் மோசம். ஹெரால்டுக்கு வந்தது 13 அங்குலச் சக்கரமும் ஒல்லியான டயரும். பிடிமானம் கூடிய டயரைப் போட்டால் வளைவில் ரோடு தள்ளும் விசை கூடும்; பின்பக்கத்தைத் தூக்குவதே அந்த விசைதான். பின் அமைப்பைத் திருத்தாமல் டயரை மட்டும் மாற்றுவது கவிழ்வதற்கு உதவி செய்வது.

சோழவரத்தில் ஓடிய பந்தயக் கார்களெல்லாம் கல்லுமாதிரி இறுக்கமாக இருந்தனவாம். இருக்கட்டும். சோழவரம் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதை. அங்கே வேகத்தடை இல்லை, நெய்வேலி லாரிகள் அழுத்திப் பள்ளமாக்கிய தடம் இல்லை, ரோட்டில் காயவைத்த கம்பும் எள்ளும் இல்லை. விருத்தாசலம் சாலையில் இறுக்கமான ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சக்கரத்தை ரோட்டில் அழுத்தாது, காற்றில் தூக்கும். காற்றில் இருக்கும் டயர் பிரேக்கும் பிடிக்காது, திரும்பவும் செய்யாது.

ஒரே ஒரு இடத்தில் கட்டுரையாளர் சொன்னதில் உண்மை இருக்கிறது: ஹெரால்டின் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தால் நல்லது. ஒரு அங்குலத்துக்குள் தாழ்த்தினால் சக்கரத்தின் மேல்பாகம் லேசாக உள்ளே சாயும். அது பாதுகாப்பான பக்கம். ஆனால் பட்டை சேர்த்தால் பின்பக்கம் உயருமே தவிரத் தாழாது. தன் சொந்த யோசனை ஒன்றை இன்னொன்று அடித்துவிடுவதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

மாற்றம் செய்ய நினைக்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது வேறு. முதலில் வண்டி எப்படி வந்ததோ அப்படி ஆக்குங்கள். முன்சக்கரத்தின் அடியில் திருகு மரையோடு ஒரு பித்தளை டிரன்னியன் இருக்கிறது. அதற்குக் கிரீஸ் அடிக்காத மெக்கானிக்கே இல்லை. அங்கே போக வேண்டியது கிரீஸ் அல்ல, 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் கெட்டியாகி மரைக்குள் தண்ணீர் தங்கினால் இரும்புத் தண்டு துருப்பிடித்து ஒருநாள் முறியும். சக்கரம் மடங்கி வண்டி தரையில் உட்காரும். ஸ்பிரிங்குக்குச் செலவழிக்கும் முன் இதைச் சரிபாருங்கள். பிறகு எல்லா ரப்பர் புஷ்களையும் மாற்றுங்கள். ஷாக் அப்சார்பரை ஸ்பிரிங்குக்குப் பொருந்தும்படி ஜோடி ஜோடியாக மாற்றுங்கள். இவ்வளவிலேயே பாதி வண்டி திருந்திவிடும். அதற்கு மேல் ஆசை இருந்தால், முன்பக்கம் தடித்த ஆன்டி ரோல் பார், பின்பக்கம் ஸ்பிட்ஃபயரின் ஆடும் பட்டை. டிஃபரன்ஷியல் தலையில் போல்ட் அமைப்பு பழையதற்கும் புதியதற்கும் வேறு, பார்த்து வாங்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை விடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை செய்யும்.

அந்தக் கட்டுரையை நம்பி ஏற்கெனவே பட்டை சேர்த்தவர்கள் இந்த ஊரில் இரண்டு பேர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். தம்பி, அடுத்த மழைக்கு முன் அதைக் கழற்றிவிடுங்கள். கழற்ற ஆள் கிடைக்காவிட்டால் என் வீட்டுக்கு வண்டியை மெதுவாக ஓட்டி வாருங்கள். நானே கழற்றித் தருகிறேன்.