வெளிநாட்டுக்கு எதை உடுத்திப் போவது? போகிறவர் சொல்லட்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. நாலு பேருக்குக் கோபம் வரும். வரட்டும். வகுப்பில் பிரம்பைத் தொடாமல் முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியவள் நான். இன்றைக்குக் கொஞ்சம் குரலை உயர்த்திப் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் என் மதினி கனடாவில் மகள் வீட்டுக்குப் போனார். வயது 64. நயாகரா அருவி முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்து நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். சுடிதார், மேலே ஜெர்க்கின், காலில் ஷூ. அவ்வளவுதான். அடுத்த அரைமணி நேரத்தில் கமெண்ட்டுகள். "மதினி ஹீரோயின் ஆயிட்டாங்க", "பேரன் எடுத்த வயசுல இது தேவையா?", "நம்ம பண்பாடு என்ன ஆச்சு?" கூடவே கும்பிடுற பொம்மை, சிரிக்கிற பொம்மை. அதே போட்டோவில் பக்கத்தில் நின்ற என் அண்ணன் ஜீன்ஸ் பேண்ட்டும் தொப்பியும் போட்டிருந்தார். அவரைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. பண்பாடு எல்லாம் மதினி தலையில்தான் போல.

மதினி அன்று ராத்திரியே போட்டோவை எடுத்துவிட்டார். இதோடு முடிந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். வருகிற தை மாதம் மகளுக்கு இரண்டாவது பிரசவம். மதினி போகமாட்டேன் என்கிறார். "அங்க அப்ப உறைபனி. வெறும் சேலையில தாங்காது. வேற போட்டா இங்க சிரிக்கிறாங்க. எதுக்கு வம்பு?" என்கிறார். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் அன்னிய தேசத்தில் பெற்றவள் துணையில்லாமல் படுக்கவேண்டும். காரணம் நாம் எழுதிய நாலு வரி.

இது ஒரு பக்கம். மறுபக்கமும் இருக்கிறது. அதற்குக் குற்றவாளி என் மாணவர்களில் ஒருவன்தான். பெயர் சொல்லமாட்டேன், படித்தால் அவனுக்கே தெரியும்.

அவன் ஐரோப்பாவில் நல்ல வேலையில் இருக்கிறான். அப்பா சோழவந்தான் பக்கம் நெல் விவசாயம் பார்ப்பவர். கல்யாணத்தன்றுகூட வேட்டி தவிர வேறு உடுத்தாதவர். அவரை அழைத்துப்போவதற்காக ஊருக்கு வந்தவன், நாலு ஜீன்ஸ், ஆறு டி-சர்ட் வாங்கிக்கொடுத்துவிட்டு, "அங்க வேட்டி கட்டினா ஒரு மாதிரி பாப்பாங்கப்பா" என்று சொல்லியிருக்கிறான். அந்த மனிதர் என்னைப் பார்த்தபோது கேட்டார்: "டீச்சர், நான் அங்க போறது அவனுக்கு வெக்கமா இருக்குமோ?" எழுபது வயது ஆள் கேட்கிற கேள்வியா இது?

ஒரு வீட்டில் பேண்ட் போட்டதற்குச் சிரிப்பு. இன்னொரு வீட்டில் பேண்ட் போடாததற்கு வெட்கம். பார்த்தால் எதிரெதிர் மாதிரி தெரியும். இரண்டும் ஒன்றுதான். போகிறவருக்கு எது வசதி, எது பிடித்தம் என்று யாரும் கேட்கவில்லை. பார்க்கிறவர் என்ன நினைப்பார் என்பதை வைத்தே முடிவு எடுத்தாயிற்று.

இந்த விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. 5-ஆம் வகுப்பு பிள்ளைகளுக்கு நான் வருஷாவருஷம் சொன்ன கதைதான். 1921 செப்டம்பர் 22. மதுரை மேலமாசி வீதியில் ஒரு மாடி வீட்டில் தங்கியிருந்த காந்தி, தொப்பியையும் சட்டையையும் நீளமான வேட்டியையும் விட்டுவிட்டு, முழங்கால் அளவு துண்டோடு வெளியே வந்தார். கதர் வாங்கக் காசு இல்லை என்று ஏழைகள் சொன்னது அவரை உறுத்தியது. அந்தக் கோலத்தில் மக்கள் முன் பேசிய இடம்தான் காமராஜர் சாலையில் இருக்கிற காந்தி பொட்டல். அக்டோபர் 31 வரை என்று சொல்லித்தான் ஆரம்பித்தார். கடைசிவரை அதுவே அவர் உடை ஆகிவிட்டது.

நான் வகுப்பில் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. இதே காந்தி 1888-இல் முதல்முறை லண்டன் போனபோது வயது 18. பார்க்கிறவர்கள் மதிக்கவேண்டும் என்று, கப்பலை விட்டு இறங்கும்போது போடுவதற்காகவே வெள்ளை ஃபிளானல் உடுப்பைப் பத்திரமாக வைத்திருந்தார். இறங்கிப் பார்த்தால் செப்டம்பர் மாதக் கடைசி, அந்த ஊரில் வெள்ளை உடுத்தியிருந்தவர் அவர் ஒருவர் மட்டும்தான். கூனிக் குறுகிப்போனார். பிறகு பெரிய கடைத்தெருவில் 10 பவுனுக்கு மாலை விருந்து சூட் தைத்துக்கொண்டதையும், உயரமான தொப்பி வாங்கியதையும் அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அடுத்து 1931. வட்டமேசை மாநாட்டுக்காக மறுபடி லண்டன். மதுரையில் எடுத்த அதே உடையோடு, பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைப் பார்த்தார். இந்தியா அன்னியத் துணியைப் புறக்கணித்ததால் வேலை இழந்திருந்த லங்காஷயர் மில் தொழிலாளர்களையும் போய்ப் பார்த்தார். அடிக்கவில்லை, ஏசவில்லை, சுற்றி நின்று ஆரவாரம் செய்தார்கள். குளிருக்குக் கம்பளிச் சால்வை போர்த்திக்கொண்டார். கொள்கைக்காக நடுங்கிக்கொண்டு நிற்கவில்லை.

பதினெட்டு வயதில் ஊருக்குப் பயந்து உடுத்தியபோது தப்பாகப் போனது. அறுபத்திரண்டு வயதில் தான் தீர்மானித்து உடுத்தியபோது ராஜாவே அவரோடு பேசினார். இன்னொன்றையும் சேர்த்துப் படியுங்கள். துண்டு கட்டுவதென முடிவெடுத்தபோது, கூட இருப்பவர்களும் இப்படியே கட்டவேண்டும் என்று தான் விரும்பவில்லை என்றும் அவர் சொன்னார். பண்பாட்டுக் காவலர்கள் இந்த இடத்தில் அடிக்கோடு போட்டுக்கொள்ளவும்.

"டீச்சர், சேலைதானே நம்ம அடையாளம்?" என்று கேட்கப்போகிறீர்கள். நானும் சேலைதான் கட்டுகிறேன், சாகும்வரை கட்டுவேன். 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மதுரைச் சுங்குடி என்றால் எனக்கு உயிர். ஆனால் அது என் விருப்பம். அடுத்தவள் உடம்பில் எது இருக்கவேண்டும் என்று நான் சொல்ல ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று நம் பக்கத்துச் சரித்திரமே சொல்கிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே நாடார் பெண்கள் தோளை மூடுவதே குற்றம் என்றார்கள். பல வருஷம் அடி வாங்கி, சீலை கிழிபட்டுப் போராடிய பிறகுதான் 1859-இல் மேலாடை அணியலாம் என்று மன்னர் அறிவிப்பு வந்தது. அன்றைக்குத் தடுத்தவர்களும் "வழக்கம்" என்ற வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

வேட்டிக்கு வெட்கப்படுகிற பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி. 2014 ஜூலை ஞாபகம் இருக்கிறதா? சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப் விழாவுக்கு வேட்டி கட்டிப்போன உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. தமிழ்நாடே கொதித்தது. நீங்களும் கொதித்தீர்கள், உங்கள் பதிவுகளுக்கு நான் லைக் போட்டிருக்கிறேன். அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். கிளப்காரன் செய்தால் குற்றம், பெற்ற மகன் செய்தால் மட்டும் பாசமா?

சரி, ஏசியது போதும். டீச்சர் என்பதால் கொஞ்சம் பாடமும் நடத்திவிடுகிறேன். வெளிநாடு போகிறவர் யோசிக்கவேண்டியது குளிர், நடை, போகிற இடத்தின் விதி, மனசுக்கு வசதி. இந்த நாலுதான்.

குளிருக்குச் சேலையா பேண்ட்டா என்பது கேள்வியே இல்லை. உள்ளே ஒட்டிப் பிடிக்கிற தெர்மல் உடுப்பு, நடுவில் கம்பளி, மேலே காற்றும் ஈரமும் புகாத கோட்டு. ஒரே தடிமனான ஸ்வெட்டரைவிட இப்படி அடுக்கடுக்காகப் போடுவது நல்லது. அடுக்குகளுக்கு நடுவில் நிற்கிற காற்றுதான் சூட்டைக் காக்கிறது. இது சேலைக்கு உள்ளேயும் போடலாம், வேட்டிக்கு உள்ளேயும் போடலாம். ஆனால் பனியில் நடந்தால் சேலையின் கீழ்க்கரை நனைந்து கணுக்காலில் ஒட்டும். அந்த மாதங்களில் பேண்ட் போடுவது புத்திசாலித்தனம். அதில் பண்பாடு எங்கேயும் ஓடிப்போகாது.

நடைக்குச் செருப்பு போதாது. விளக்குத்தூண் கடைகளில் துணி எடுக்க நாலு மணி நேரம் சுற்றுகிறவர்கள், காலுக்கு ஷூ எடுக்க நாலு நிமிஷம் ஒதுக்குவதில்லை. போவதற்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, தினமும் போட்டு நடந்து பழகுங்கள். எஸ்கலேட்டரில் சேலையும் வேட்டியும் மாட்டிக்கொள்ளும் ஆபத்து நிஜம். இரண்டு விரற்கடை தூக்கிக் கட்டுங்கள், கொசுவத்தைக் கையில் பிடித்து ஏறுங்கள்.

இடத்தின் விதியை முன்கூட்டியே கேளுங்கள். ரோமில் இருக்கிற வாட்டிகன் பேராலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். அரை டிராயரில் போகிற உங்கள் பிள்ளையைத்தான் வாசலில் நிறுத்துவார்கள், வேட்டி சட்டையில் போகிற தாத்தாவை அல்ல.

நாலாவதை அவரவர்தான் சொல்லமுடியும். அதைக் கேட்பதற்குத்தான் நமக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. "அம்மா, அங்க இப்படிக் குளிர், இவ்வளவு நடக்கணும். உங்களுக்கு எது வசதி?" இந்த ஒரு கேள்வி போதும். அம்மா சேலை என்றால் அதற்கேற்ற உள்ளுடுப்பு வாங்கிக்கொடுங்கள். பேண்ட் என்றால் நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொடுங்கள். விமானத்தில் ஒன்று, அங்கே ஒன்று என்றால் அதுவும் அவர் இஷ்டம்.

குடும்பக் குழுவில் அந்தக் கமெண்ட்டுகளைப் போட்டவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். மூன்று பேர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள் என்றும் தெரியும். இதற்குக் கீழே எனக்கு விளக்கம் எழுதவேண்டாம். இன்று சாயங்காலத்துக்குள் மதினிக்குப் போன் போட்டு, "போய் மகளைப் பாருங்க மதினி, குளிருக்கு எது வேணுமோ போட்டுக்கங்க" என்று சொல்லுங்கள். டிக்கெட் போட இன்னும் நாள் இருக்கிறது.

ஐரோப்பாவில் இருக்கிற தம்பி, நீ அந்த ஜீன்ஸை எல்லாம் பீரோவில் வை. உன் அப்பாவிடம் நான் மேலே சொன்ன கேள்வியைக் கேள். அவர் வேட்டி என்றால், மதுரை ஏர்போர்ட்டில் இருந்து உன் வீட்டு வாசல்வரை அவர் பக்கத்திலேயே நடந்து போ. இரண்டடி முன்னால் போகாதே.

எல்லாரும் நல்லா இருங்க.
உங்கள் டீச்சர்