காணி இருக்கிறது, கையொப்பம் எங்கே?

“ஊருக்குத் திரும்புங்கள், பாட்டன் மண்ணைப் பயிர் செய்யுங்கள்” என்று நம் இளைஞருக்கு மேடைதோறும் உபதேசம் நடக்கிறது. உடப்புக்கோ முந்தலுக்கோ கற்பிட்டிக்கோ அவ்வாறு திரும்பும் இளைஞனை முதலில் மறித்து நிற்பது எது? மணலா? உவர் நீரா? அல்ல! பெரியப்பாவின் மறுப்பே!

கணக்கைப் பாருங்கள். பாட்டனுக்கு 4 ஏக்கர், பிள்ளைகள் நால்வர், பேரப்பிள்ளைகள் பதினாறு பேர். தலைக்குக் கால் ஏக்கர். 26 அடிக்கு ஒன்றாக நட்டால் ஏக்கருக்கு 64 தென்னை. ஆளுக்கு 16 மரம்! அதைக்கொண்டு எந்தக் குடும்பம் பிழைக்கும்? ஆகவே காணியைத் துண்டாடுவது பரிகாரமாகாது. பயிர் செய்ய முன்வரும் ஒருவனுக்கு ஏனைய பதினைவரும் நெடுங்காலக் குத்தகை எழுதிக் கொடுப்பதே வழி.

“பத்து ஆண்டு அவன் ஆண்டால் காணி அவனுக்கே போய்விடுமே!” என்று பெரியவர்கள் அஞ்சுகின்றனர். 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் பத்தாண்டு ஆட்சி விதியை அரைகுறையாய்க் கேட்டதன் விளைவு இது. கூட்டுரிமையாளன் ஒருவனின் ஆட்சி எல்லோருக்குமான ஆட்சியே. மனத்துக்குள் கொண்ட எண்ணத்தால் அவன் அதை மாற்றிவிட முடியாது என்று பிரிவி கவுன்சில் கொரயா எதிர் இசெரிஸ் அப்புஹாமி வழக்கில் 1911 இல் தீர்ப்பளித்தது. ஆனால் 1918 இல் திலகரத்ன எதிர் பஸ்தியான் வழக்கு இன்னொன்றையும் சொன்னது: மிக நெடுங்காலம் ஒருவனே தனித்து ஆண்டுவர, மற்றவர் வாளாவிருந்தால், அவர்கள் விலக்கப்பட்டதாக நீதிமன்றம் ஊகிக்க இடமுண்டு. எனவே ஆபத்து கையொப்பத்திலா, மௌனத்திலா? குத்தகையாளனாகப் புகுந்தவன் அந்நிலையை வெளிப்படையாக முறிக்காதவரை உரிமையாளனாக மாட்டான். பெரியவர்கள் காவலைக் கண்டு அஞ்சிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்!

வாய்ப்பேச்சை நம்பி இறங்குவோன் கதியோ பரிதாபம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்படாவிடில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டப்படி செல்லாது. நட்டு ஆறேழு ஆண்டு கழித்துக் காய்க்கும் தென்னையை அவன் எந்த நம்பிக்கையில் வைப்பான்? மிளகாயும் வெங்காயமும் போட்டுக் கைக்காசு காணவே முயல்வான். கற்பிட்டி மணலில் நன்னீர் உவர் நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படலம். அளவு மீறி இறைத்தால் உப்பு ஏறும், அளவு மீறி உரமிட்டால் நைத்திரேற்று கிணற்றில் இறங்கும். இரண்டையும் ஆய்வாளர் எச்சரித்தாயிற்று. நாளை இருப்பேனா என்று அறியாதவன் கிணற்றைக் காப்பானா?

பிரிவினை வழக்குத் தொடு என்போரும் உளர். 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் உண்டுதான். ஆனால் வழக்கன்று நட்ட கன்று காய்க்கத் தொடங்கியும் முடியாத வழக்குகள் உண்டு. அதனால் வாழும் தொழிலைச் சேர்ந்தவனே இதைச் சொல்கிறேன்.

முப்பது ஆண்டுக் குத்தகை. பங்குக்கேற்ற ஆண்டு வாடகை. முடிவில் மரங்களின் பெறுமதியை மதிப்பிடும் விதி. இம்மூன்றையும் ஓர் உறுதியில் எழுதிப் பதிவு செய்யுங்கள். கடல் கடந்திருப்போர் அற்றோர்ணித் தத்துவம் அனுப்பட்டும். மேடையில் முழங்கும் பிரதிநிதிகள் இத்தகைய உறுதிகளுக்கான நில அளவைச் செலவையும் முத்திரை வரியையும் அரசே ஏற்கும்படி பாராளுமன்றத்தில் கேட்கட்டும்.