ஆர்.என்.ஏ. மருந்து வரட்டும், அதற்கு முன் சோதனை சேரிக்கு வரட்டும்

தோழர்களே, ஆர்.என்.ஏ. குறுக்கீட்டால் புற்றுநோய் செல்லைக் கொல்லலாம் என்ற செய்தியை நாம் பெரம்பலூர், அரியலூரிலிருந்து படிக்க வேண்டும். தமிழ்நாட்டில் கருப்பைவாய்ப் புற்றுநோய் அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் இவையும் உண்டு.

இந்நோய்க்குக் காரணம் எச்.பி.வி. வைரஸ். அதன் இ6, இ7 புரதங்கள்தான் கெட்ட செல்லைச் சாகவிடாமல் பெருக்குகின்றன. அந்தப் புரதங்களுக்கான தூது ஆர்.என்.ஏ.வைச் சிறிய ஆர்.என்.ஏ. துண்டைக் கொண்டு வெட்டினால் செல் மடிகிறது. ஆய்வகத்தில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். இவ்வழியைக் கண்டறிந்த ஃபயரும் மெல்லோவும் 2006இல் நோபல் பரிசு பெற்றார்கள். 2018இல் இம்முறையில் முதல் மருந்தும் வந்தது. ஆனால் அது பரம்பரையாக வரும் ஓர் அரிய நோய்க்கு. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இன்னும் வரவில்லை.

அதுவரை நம் பெண்கள் சாக வேண்டுமா? திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில், வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் சோதனையை ஒரே ஒரு முறை செய்து, தேவைப்பட்டோருக்குச் சிகிச்சையும் தந்தார்கள். இந்நோய்ச் சாவு 35 விழுக்காடு குறைந்தது என 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. எச்.பி.வி. தடுப்பூசிக்கும் 2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு 36 கோடி ரூபாய் ஒதுக்கியது.

ஆக, கருவி கையில் இருக்கிறது. ஆனால் களையெடுக்கப் போகும் நம் அம்மாக்கள் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எப்படி வருவார்கள்? பெண் செவிலியரோடு சோதனை மாலையில் சேரிக்கு வர வேண்டும். மேல்சிகிச்சைக்குப் போகும் நாளுக்குக் கூலி தர வேண்டும். கிராமசபையில் இதைத் தீர்மானமாக்குவோம்.

அறிவியலை நாம் விட்டுக்கொடுக்கவில்லை. மருத்துவக் கனவோடு 2017இல் நாம் இழந்த அனிதாவின் குழுமூர் அரியலூரில்தான் இருக்கிறது. ஆர்.என்.ஏ. ஆய்வகத்திலும் நம் பிள்ளைகள் நிற்க வேண்டும்.

ஜெய்பீம்!