காரைக்கால் போக அடுத்த மாநிலத்தின் அனுமதி! புதுவை டாக்சிக்காரர் படும் பாடு

புதுவையிலிருந்து காரைக்காலுக்கு சுமார் 130 கிலோ மீட்டர். இரண்டும் ஒரே சர்க்கார். ஒரே சட்டசபை. வண்டி நம்பரிலும் ஒரே "பி.ஒய்."தான். புதுவைக்கு 01 என்றால் காரைக்காலுக்கு 02. அவ்வளவுதான் வித்தியாசம்!

ஆனால் வாடகைக் கார் ஓட்டும் புதுவைக்காரர் ஒருவர், ஒரு கல்யாண கோஷ்டியை ஏற்றிக்கொண்டு காரைக்கால் போக வேண்டுமென்றால், நடுவிலே கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று தமிழ்நாட்டைத் தாண்டித்தான் போயாக வேண்டும். ஆகவே அடுத்த மாநிலத்தின் அனுமதி வேண்டும், வரி வேண்டும். சொந்த மாநிலத்துக்குள்ளே போவதற்கு அடுத்த மாநிலத்தில் சீட்டு! மாஹே போகிறவர் பாடு இன்னும் மோசம். தமிழ்நாடு ஒன்று, கேரளா ஒன்று. ஏனாம் போனால் தமிழ்நாடும் ஆந்திராவும்.

இது என்ன கூத்து?

வெள்ளைக்காரன் போட்ட கோடு

கோடு இன்றைக்குப் போட்டதல்ல. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் இது இரண்டு தேசங்களின் எல்லை. இந்தியா சுதந்திரம் அடைந்த பிறகு 1949-ல் சுங்கக் கெடுபிடி வந்தது. ஊருக்கு ஊர் சாவடி. மூட்டையை அவிழ்த்துக் காட்டு என்றார்கள், வண்டியை நிறுத்து என்றார்கள். புதுவை மண் ஒரே துண்டாக இல்லை. நடு நடுவே தமிழ்நாட்டுக் கிராமம், அதற்கு நடுவே புதுவைக் கிராமம். வயலுக்குப் போகிறவன்கூட எல்லை தாண்ட வேண்டியிருந்தது.

1954 அக்டோபர் 18-ம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். 8 பேர்தான் எதிர்ப்பு. நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழுமையாக ஒப்படைத்தது 1962 ஆகஸ்டு 16-ல். அந்தப் பழைய சுங்கச் சாவடிகள் போயே போய்விட்டன. ஆனால் டாக்சிக்காரருக்கு மட்டும் சாவடி போகவில்லை!

சொந்தக் காருக்கு இல்லை

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொந்தக் கார், ஸ்கூட்டர் வைத்திருப்பவர் பயப்பட வேண்டியதில்லை. 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரு மாநிலத்தில் பதிவு செய்த வண்டி இந்தியா முழுவதும் ஓடலாம். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் இருந்தால் போதும். செல்போனில் டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்திலேயே வண்டியை வைத்திருந்தால்தான் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும்.

சிக்கல் எல்லாம் வாடகை வண்டிக்குத்தான். ஒரு மாநிலம் கொடுத்த பெர்மிட் இன்னொரு மாநிலத்தில் அப்படியே செல்லாது. அங்குள்ள அதிகாரி எதிர்க்கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் தனி பெர்மிட் வாங்க வேண்டும்.

அகில இந்திய டூரிஸ்ட் பெர்மிட் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2021-ல் ஆன்லைனுக்கு வந்தது, 2023-ல் விதிகளைத் திருத்தினார்கள். காசைக் கட்டினால் காஷ்மீர்வரை போகலாம். ஆனால் கடலூருக்கும் காரைக்காலுக்கும் மட்டும் சவாரி அடிக்கிற ஆளுக்கு காஷ்மீர் எதற்கு? தயிர் வாங்கப் போனவன் தலையில் மாட்டையே கட்டுகிற கதை!

வெளிநாடு தேவலை

புதுவைக்காரர் ஒருவர் பிரான்சுக்குப் போய்க் கார் ஓட்ட நினைத்தால், நம் ஊர் போக்குவரத்து அலுவலகத்திலேயே சர்வதேச டிரைவிங் பெர்மிட் கொடுக்கிறார்கள். ஒரு வருஷம் செல்லும். தன் காரையே கடல் கடந்து கொண்டுபோக நினைப்பவருக்கும் வழி உண்டு. வண்டியை அங்கே விற்காமல் திருப்பிக் கொண்டுவருவேன் என்ற உத்தரவாதப் புத்தகம் ஒன்று, ஆட்டோமொபைல் சங்கம் மூலம் கிடைக்கும். அதை நீட்டினால் நாட்டுக்கு நாடு சுங்கவரி கட்டாமல் போகலாம். பல தேசங்களுக்கு ஒரே புத்தகம்! பக்கத்து ஊருக்குத்தான் தவணைக்குத் தவணை சீட்டு.

தமிழகத்துக்கும் நியாயம் உண்டு

தமிழ்நாடு தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சாலை அவர்களுடையது. புதுவையில் வரி குறைவு என்று, இந்த ஊர் வாசலைக்கூட மிதிக்காதவர்கள் இங்கே விலாசம் கொடுத்துச் சொகுசுக் கார் பதிவு செய்த விவகாரம் 2017-ல் கேரளாவில் நாறியது. வெளி மாநிலப் பதிவு ஆம்னி பஸ்கள் டூரிஸ்ட் பெர்மிட்டை வைத்துக்கொண்டு ரூட் பஸ் மாதிரி ஓடுவதைத் தடுக்க, 2024-ல் தமிழகம் கறாராக நின்றது. போதாக்குறைக்கு இங்கிருந்து பாட்டில் கடத்துகிறவர்கள் வேறு!

பணக்காரன் வரி ஏய்த்தான், கடத்தல்காரன் பாட்டில் ஏற்றினான். "என்னப்பா, பாண்டி வண்டியா? ஓரங்கட்டு" என்ற வார்த்தை மட்டும் கடன் வாங்கி வண்டி ஓட்டுகிற ஏழை டிரைவர் காதில் விழுகிறது. பின் சீட்டில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் சவாரிக்கும் நேரம் போகிறது.

வழி இருக்கிறது

வழியில்லாமல் இல்லை. அதே சட்டத்தின் 88-வது பிரிவிலேயே இருக்கிறது. புறப்படும் இடமும் சேரும் இடமும் ஒரே மாநிலத்தில் இருந்து, இடையில் 16 கிலோ மீட்டருக்கு மிகாமல் அடுத்த மாநிலம் வந்தால், அந்த ரூட்டுக்கு எதிர்க்கையெழுத்துத் தேவையில்லை என்கிறது சட்டம். புதுவை மாதிரி துண்டு துண்டான ஊரைப் பார்த்தே எழுதினது போல இருக்கிறது! ஆனால் காரைக்கால் 16 கிலோ மீட்டரில் அடங்கவில்லையே.

அதற்கும் அங்கேயே மருந்து உண்டு. இரண்டு அரசுகளும் உடன்பாடு செய்துகொள்ளலாம். உத்தேசத்தை கெஜட்டிலும் பத்திரிகையிலும் போட்டு, 30 நாளுக்குக் குறையாமல் ஆட்சேபம் கேட்டு முடிவு செய்யலாம். புதுவை – காரைக்கால் பஸ் தினமும் தமிழ்நாட்டுக்குள்ளே போய் வரவில்லையா? பஸ்ஸுக்கு முடிந்தது டாக்சிக்கு ஏன் முடியாது?

கேட்பது அதிகமில்லை. ஒன்று: புதுவையில் ஏற்றிக் காரைக்காலில் இறக்கும் வாடகைக் காருக்கு, வழியில் ஆள் ஏற்றக்கூடாது என்ற நிபந்தனையோடு, வருஷத்துக்கு ஒரு தடவை சிறு கட்டணம். இரண்டு: ஜிப்மர் நோயாளியையும் ஆரோவில் போகும் பயணியையும் ஏற்றும் ஆட்டோ எதுவரை போகலாம் என்று தெளிவான உத்தரவு. மூன்று: கோரிமேட்டிலும், கனகசெட்டிக்குளத்திலும், முள்ளோடையிலும் எல்லா விதிகளையும் கட்டணத்தையும் நல்ல தமிழில் பெரிய போர்டாக எழுதி வைக்க வேண்டும். விதி தெரிந்தவனிடம் யாரும் கையை நீட்ட முடியாது.

கீழூரில் ஓட்டுப் போட்டு எல்லையை அழித்து 70 வருஷத்துக்கு மேல் ஆகிறது. மிச்சமிருக்கும் இந்தக் கோட்டை அழிக்க ஓட்டெடுப்பு வேண்டாம். இரண்டு கையெழுத்து போதும்.

போடுவார்களா?