காசுக்கு வந்த விருந்தாளி

போன மாதம் உரும்பிராய்ப் பக்கம் ஒரு பழைய வீட்டில் காசு கொடுத்து ஓர் இரவு தங்கினேன். "யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு யாழ்ப்பாணத்திலயே றூம் எடுக்கிறீரோ?" என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். "எங்களுக்கு மிஞ்சியது இந்தப் பழைய வீடு ஒன்றுதான். வெளிநாட்டுக்காரரைத் தங்கவைத்து உழைக்கலாம் என்கிறார்கள், செய்யலாமா?" என்று இந்தப் பக்கத்துக்குச் சகோதரிகள் சிலர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். தங்கிப் பார்க்காமல் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இந்தத் தொழில் பிற நாடுகளில் பழையது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நாபா என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. திராட்சையும் வைனும்தான் அந்த ஊருக்குப் பெயர் தேடித் தந்தவை. விக்டோரியா மகாராணி காலத்தில் பணக்காரர்கள் கட்டிய வீடுகள் பல அங்கே இப்போது விடுதிகள். 1889இல் வங்கிக்காரர் ஒருவர் கட்டிய சர்ச்சில் மேனர் அவற்றில் ஒன்று. படுக்க ஓர் அறை, காலையில் சாப்பாடு, அவ்வளவுதான். பழைய வீட்டில் ஒரு நாளாவது இருந்து பார்க்கவேண்டும் என்ற ஆசைக்குத்தான் ஆட்கள் காசு கொடுக்கிறார்கள்.

அந்தக் காலத்து வீடுகள் எங்களிடமும் உண்டு, திராட்சையும் உண்டு. வலிகாமத்துச் செம்மண்ணில், கிணற்று நீரில், பந்தல் போட்டு வளர்க்கிறோம். நாபாவில் வருடத்துக்கு ஒரு அறுவடை. எங்களுடைய வெயிலுக்குக் கொடியைக் கத்தரித்துவிட்டால் மூன்று நாலு மாதத்தில் பழம். வருடத்தில் இரண்டு தரத்துக்குக் குறையாது. வைன் என்றால் றோசறியன் கன்னியர் மடத்துப் போத்தல்தான் எங்களுக்குத் தெரியும். கறுவாவும் கராம்பும் மணக்கும் அந்தப் போத்தலையும், அவர்களுடைய நெல்லி ரசத்தையும் தேடி வெளியூராரும் வருகிறார்கள்.

நான் தங்கியது நாற்சார் வீடு. நடுவில் முற்றம், சுற்றிவரத் தாழ்வாரம், வாசலில் திண்ணை. மலாயாவில் ரயில் உத்தியோகம் பார்த்தவர் அனுப்பிய காசில் கட்டியது. விக்டோரியா மகாராணி 1901இல் காலமானார். வீடு அதற்கும் முந்தியது என்பது வீட்டுக்கார அக்காவின் கணக்கு. அக்கா தன் பெயர் வேண்டாம் என்றார், எழுதவில்லை. தாய்வழியாக அவருக்குச் சீதனமாக வந்த வீடு.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் பூட்டிவிட்டுப் போனவர்கள் அடுத்த வருடம் திரும்பி வந்தபோது பூட்டு மட்டும் இல்லை, கதவே இல்லையாம். யன்னல், நிலை, கூரையின் பனஞ்சலாகை எல்லாம் போய்விட்டன. அந்த 1996இலேயே ஒரு நாள் வெளியே போன கணவரும் திரும்பி வரவில்லை.

வாசல் தூணில் ஒரு ஓட்டை இருக்கிறது, என் பெருவிரல் போகும். நான் போன அன்று அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரப் பெண் அதைத் தொட்டுப் பார்த்து, சண்டையில் வந்ததா என்று கேட்டார். "மழைக்கு விழுந்தது" என்றார் அக்கா. பிறகு குசினியில் என்னிடம், "றூமுக்குத்தானே காசு வாங்கிறன், அதுக்கு வாங்கேல்லையே" என்றார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இரவு பெரிய கட்டில், நுளம்பு வலை, உயரத்தில் ஓடு. மின்விசிறி தேவைப்படவில்லை. விடிய நாலு மணிக்கே குசினியில் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. எழும்பிப் போய்ப் பக்கத்தில் குந்திக்கொண்டேன். இடியப்பம், சொதி, சம்பல், முட்டைப் பொரியல், கடைசியில் பந்தலில் பறித்த பழம். பாண் கேட்கிறவர்களுக்கும் இடியப்பம்தானாம்.

காசுக் கதைக்கு வருவோம். அறையைத் திருத்தி, கொமட் வைத்த கழிவறை கட்டுவதற்கு வங்கியில் கடன் கேட்டார் அக்கா. வீட்டை ஈடு வைக்கச் சொன்னார்கள். உறுதி அக்காவின் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கு 1911இல் வந்த சட்டத்தில், மனைவி தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவர் எழுத்தில் சம்மதம் தரவேண்டும் என்று இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேலாகக் காணாத மனிதரிடம் கையெழுத்து வாங்கி வா என்றால் எங்கே போவது? அன்று வீட்டுக்கு வந்து முற்றத்தில் இருந்து அழுததாகச் சொன்னார்.

வழி அதே சட்டத்திலேயே இருந்தது. சம்மதம் பெற முடியாத நிலையில், கணவரின் கையெழுத்து இல்லாமல் செய்ய மாவட்ட நீதிமன்றம் அனுமதி கொடுக்கலாம். காணாமற்போனவர்களின் குடும்பத்துக்குச் சான்றிதழ் வழங்க 2016இல் வந்த சட்டமும் கைகொடுத்தது. செத்துப்போனார் என்று எழுதிக் கொடுக்க அக்கா கடைசிவரை சம்மதிக்கவில்லை. அந்தச் சான்றிதழுக்கு அப்படி எழுதத் தேவையில்லை. உங்களில் யாருக்காவது இதே சிக்கல் என்றால், தரகரிடம் போகாமல் முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரின் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிற சகோதரிகளுக்கு இன்னும் கடுமையாகச் சொல்கிறேன். வாய்ப்பேச்சை நம்பி உங்கள் தாலிக்கொடியை அந்தக் கழிவறையில் போடாதீர்கள். எத்தனை வருடத்துக்கு, யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி, நொத்தாரிசு முன் கையெழுத்து வைத்த பிறகு சீமெந்து வாங்குங்கள். நல்ல மச்சானுக்கும் ஒரு நாள் வீட்டை விற்கும் எண்ணம் வரும்.

பிரதேச சபையிலும் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிலும் பதியவேண்டும், வந்து பார்ப்பார்கள். இணையத்தில் ஆள் பிடித்துத் தருகிற நிறுவனத்துக்கு நூற்றுக்குப் பதினைந்து ரூபா போகிறது. சாப்பாடு, சலவை, கரண்ட் போக, கையில் நிற்பது பாதிக்கும் குறைவு என்றார் அக்கா. மழை மாதங்களில் அதுவும் இல்லை. அப்போது திராட்சையும் தையல் மெஷினும்தான்.

ஊர்க் கதையைப் பற்றியும் கேட்டேன். தனியே இருக்கிற பொம்பிளை வீட்டில் ஆம்பிளைகள் தங்குவதா என்று முதல் வருடம் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்களாம். குடும்பங்களையும் பெண்களையும் மட்டும்தான் அக்கா எடுக்கிறார். எட்டிப் பார்த்த வீட்டில்தான் இப்போது பாலும் முட்டையும் வாங்குகிறார்.

வெளிக்கிடும்போது காசை நீட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுத்துப் பழக்கமில்லையே. அக்காவுக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. வாங்கி, எண்ணி, கொப்பியில் திகதி போட்டு எழுதினார். இருநூறு ரூபா மிச்சம் வந்தது. வைத்துக்கொள்ளுங்கோ அக்கா என்றேன். கேட்கவில்லை. மாற்றுக்காசு எடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வரும்வரை என்னைத் திண்ணையில் இருத்தி வைத்தார்.